ஞாயிற்றுக்கிழமையும் கார் வாணிபமும்: ஓய்வுநாட் சட்டமொன்றின் சமூக அடிப்படை

ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையன்று தமது காருக்குப் பெற்றோல் நிரப்பலாம். தளபாடமோ தொலைக்காட்சிப் பெட்டியோ வாங்கலாம். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து மதுவகைகளைக் கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுசெல்லவும் செய்யலாம். ஆனால் கார் ஒன்றை வணிகரிடமிருந்து வாங்குதல் இயலாது. அன்று கார் விற்பது சட்டப்படி குற்றமாகும். இந்நிலை இந்தியானாவுக்கு மட்டும் உரியதன்று. இலினோய்ஸ், மினசோட்டா, விஸ்கொன்சின், மிசூரி, கொலராடோ, ஒக்லஹோமா, லூயிசியானா, பென்சில்வேனியா, நியூ ஜேர்சி முதலாகப் பத்துக்கு மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய தடை உண்டு. ரெக்சாஸ் மாநிலம் சனி, ஞாயிறு ஆகிய அடுத்தடுத்த இரு தினங்களுள் ஒன்றிற் கார் வணிகர் கடையைப் பூட்டியாகவேண்டும் என விதித்து, எந்நாள் என்பதை அவர்தம் விருப்பத்துக்கு விட்டுள்ளது. மிச்சிகனில் மக்கட்டொகை மிகுந்த மாவட்டங்களுக்கே தடை பொருந்தும்.

இச்சட்டங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே விளக்கத்தையே தருவர். ஓய்வுநாளைப் புனிதமாகப் பேணவேண்டுமெனக் கருதிய பியூரிற்றன் மதக் குடியேறிகள் விட்டுச்சென்ற எச்சம் இது என்பதே அவ்விளக்கம். சமயத்தின் பிடி தளர்ந்த பின்னரும் சட்டப் புத்தகத்திலிருந்து எவரும் அகற்ற மறந்துபோன பழமை என்று அதனை எள்ளி ஒதுக்குவாரும் உளர். இவ்விளக்கம் எளிதானது, ஆயினும் காலவரன்முறையோடு ஒப்பிட்டு நோக்குமிடத்து அது நிலைபெறுவதாயில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சட்டங்களின் பொதுவான தோற்றம் சமயச் சார்பானது என்பதில் ஐயமில்லை. உரோமப் பேரரசன் கொன்ஸ்ரன்ரைன் கி.பி. 321இல் விடுத்த கட்டளை, நகரங்களில் நீதிபதிகளும் மக்களும் ஞாயிறன்று ஓய்ந்திருக்கவேண்டும் எனவும் தொழிற்கூடங்கள் மூடப்படவேண்டும் எனவும் விதித்தது. அதே கட்டளை நாட்டுப்புறத்து உழவருக்கு விலக்களித்தது. விதைக்கும் பருவம் தவறின் விளைவு கெடும் என்பதே அதற்குக் காட்டப்பட்ட காரணம். ஓய்வுநாட் சட்டம் பிறந்த அன்றே உற்பத்தியின் தேவைக்கு அது வளைந்து கொடுத்ததென்பது மனங்கொளத்தக்கது. இங்கிலாந்தில் இரண்டாம் சாள்ஸ் மன்னனின் ஆட்சியில் 1677இல் இயற்றப்பட்ட சட்டம் வணிகரும் கைவினைஞரும் கூலியாட்களும் ஞாயிறன்று தத்தம் தொழிலைச் செய்யலாகாது எனத் தடுத்தது. அதுவும் அவசியத்தின் பாற்பட்டனவற்றையும் தருமத்தின் பாற்பட்டனவற்றையும் விலக்கியதோடமையாது, காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் பால் கூவி விற்கலாம் என நுணுக்கமாக வகுத்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் இம்மரபைக் கைக்கொண்டன. அங்கு இவை ‘நீலச் சட்டங்கள்’ என அழைக்கப்படுகின்றன. அச்சொல்லைப் பரப்பியவர் சாமுவேல் பீற்றர்ஸ் என்னும் பாதிரியார். கனெக்ரிக்கற் குடியேற்றத்தைப் பற்றி 1781இல் அவர் வெளியிட்ட நூலில், அங்கு ஒருபோதும் இயற்றப்படாத சட்டங்கள் சிலவும் இடம்பெற்றிருந்தன.

ஆனால் கார் விற்பனைத் தடைகள் இப்பழஞ் சட்டங்களின் எச்சங்களல்ல. மிச்சிகன் மாநிலத்துச் சட்டம் 1953இல் நிறைவேறியது. நியூ ஜேர்சியினது 1955இல் வந்தது. இலினோய்ஸில் இன்றுள்ள தடை 1980களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பொதுவான ஞாயிற்றுக்கிழமைச் சட்டங்கள் உயிரிழந்து கொண்டிருந்த காலத்திலே காருக்கென ஒரு புதிய சட்டம் முளைத்தது. பின்னர் பழைய மரங்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தபோது இக்கன்று மட்டும் அசையாது நின்றது. பென்சில்வேனியாவின் பொதுவான ஞாயிறு வணிகத் தடையை அம்மாநில உயர் நீதிமன்றம் 1978இல் செல்லுபடியற்றதாக்கிற்று; கார் விற்பனைத் தடை இன்றும் உளது. ரெக்சாஸ் 1985இல் தனது நீலச் சட்டத்தை நீக்கியபோது காரை மட்டும் விட்டுவைத்தது. மினசோட்டா 2017இலும் இந்தியானா 2018இலும் ஞாயிறு மது விற்பனைக்கு வழிவிட்டன. மதுவைப் பாவமெனக் கண்டித்த ஒழுக்கவாதம் தோற்ற களத்திலே, பாவமென எவராலும் கண்டிக்கப்படாத கார் வாணிபத்தின் மீதான தடை வெற்றியோடு நிற்கின்றதெனின், அதனைத் தாங்கும் தூண் சமயமாக இருத்தல் இயலாது.

சமயவாதிகள் காரை அஞ்சவில்லை என்பதன்று. றொபேட் லிண்ட், ஹெலன் லிண்ட் ஆகிய சமூகவியலாளர் இருவர் 1929இல் வெளியிட்ட ‘மிடில்ரவுண்’ என்னும் புகழ்பெற்ற ஆய்வு இந்தியானாவின் மன்சி நகரத்தை அடிப்படையாகக் கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக் கார்ச் சவாரி மக்களைத் தேவாலயத்திலிருந்து ஈர்த்துச் செல்வதைக் குறித்து அந்நகரத்துப் போதகர்கள் கவலையுற்றமையை அந்நூல் பதிவு செய்துள்ளது. ஆனால் அவர்கள் அஞ்சியது காரை ஓட்டுவதை, விற்பதையன்று. ஓட்டுவதைத் தடுக்கும் ஆற்றல் எந்தச் சட்டசபைக்கும் இருக்கவில்லை. விற்பதைத் தடுக்கும் ஆற்றல் பிற்காலத்திலே வந்தது. வேறொரு சாராரின் வேண்டுகோளின் பேரில் வந்தது.

அச்சாரார் எவர்? கார் வணிகர்களே. ஒரு வணிகர் கூட்டம் தன் கடையைத் தானே மூடிவைக்கும்படி அரசைக் கேட்பது முதல் நோக்கிற் புதிராகவே தோன்றும். அதனை விடுவிக்கக் கார் வாணிபத்தின் அமைப்பை நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவிற் கார் உற்பத்தி சில பெருங் கம்பனிகளின் கையிற் குவிந்திருக்க, விற்பனை ஆயிரக்கணக்கான உள்ளூர் வணிகரிடம் சிதறிக் கிடந்தது. வணிகர் கம்பனியின் ஊழியரல்லர். தமது முதலை இட்டு, கம்பனியிடமிருந்து கார்களை வாங்கி விற்பவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததன் பின் சில ஆண்டுகள் கார்த் தட்டுப்பாடு நிலவியமையால் விற்பது பெரும் பிரச்சினையாக இருக்கவில்லை. 1950களின் நடுப்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. 1955ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 79 இலட்சம் கார்கள் உற்பத்தியாயின. உற்பத்தியாளர் வணிகர்மேற் கார்களைச் சுமத்தினர். வணிகர் ஒருவரையொருவர் நெரித்தனர். கம்பனியின் அடக்குமுறைக்கெதிராக வழக்குத் தொடர வணிகருக்கு உரிமையளித்த சமஷ்டிச் சட்டம் 1956இல் வந்ததும், ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் விலைப்பட்டியல் ஒட்டப்படவேண்டும் என்ற சட்டம் 1958இல் வந்ததும் இந்த நெருக்கடியின் அறிகுறிகளே. ஞாயிற்றுக்கிழமைக் கார்த் தடைகளிற் பல இக்காலத்தையொட்டிப் பிறந்தமையைத் தற்செயலெனக் கொள்ள யான் தயங்குகிறேன்.

ஒரு நகரத்தில் இரு கார் வணிகர் உள்ளனர் எனக் கொள்வோம். ஒருவர் ஞாயிறன்று கடையைத் திறப்பாராயின் மற்றவரின் வாடிக்கையாளர் சிலர் அவரிடம் செல்வர். மற்றவரும் திறந்தேயாகவேண்டும். இருவரும் திறந்ததன் பின் நகரத்தில் விற்பனையாகும் கார்களின் மொத்தத் தொகை கூடிவிடுவதில்லை. ஏனெனிற் கார் அன்றாட உணவன்று. ஞாயிறு வாங்கப்படாத கார் திங்களோ செவ்வாயோ வாங்கப்படும். ஆறு நாளில் நடந்த வாணிபம் ஏழு நாளிற் பரந்து நடக்கும். மின்சாரச் செலவும் ஆட்செலவும் மட்டும் ஏழு நாளுக்குரியனவாகும். இருவரும் மூடியிருக்க விரும்புவர். ஆயின் மற்றவர் மூடுவார் என்ற உறுதி எவருக்கும் இல்லை. இவ்வுறுதியை அளிப்பதே சட்டத்தின் பணி. போட்டியிடுவோர் தமக்கிடையே செய்துகொள்ள இயலாத போர்நிறுத்தத்தை அரசு அவர்களுக்காகச் செய்து கொடுக்கின்றது.

ஏன் அவர்கள் தாமே செய்துகொள்ளலாகாது என வினவலாம். செய்து பார்த்தனர். அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ரோயிற்றிலே நிகழ்ந்த இவ்வரலாறு சற்று விரிவாக நோக்கத்தக்கது.

டெட்ரோயிற் வட்டாரத்துக் கார் வணிகர்கள் 1960ஆம் ஆண்டளவில் மாலை நேர விற்பனையை வாரத்தில் இரு நாட்களுக்கு மட்டுப்படுத்தத் தம்முள் உடன்பட்டனர். 1973இன் இறுதியிற் சனிக்கிழமையும் மூடுவதென ஒருப்பட்டனர். ஞாயிறு ஏற்கெனவே சட்டத்தால் மூடப்பட்டிருந்தமையால், வார இறுதியில் டெட்ரோயிற்றிற் கார் வாங்கவே முடியாதென்ற நிலை உருவாயிற்று. இதன் பின்னணியில் விற்பனை ஊழியரின் கோரிக்கை இருந்தது. நீண்ட நேர வேலைக்கு எதிராக அவர்கள் தொழிற்சங்கமாகத் திரள முற்பட்டனர். வணிகரோ, சங்கத்துடன் பேசி ஒப்பந்தஞ் செய்வதற்குப் பதிலாக, ஊழியர் கேட்ட ஓய்வைத் தாமே தம்முள் உடன்பட்டு வழங்கிவிட்டனர். ஓய்வு கிடைத்தது, ஆயின் அது ஊழியரின் உரிமையாக ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை, வணிகரின் இணக்கத்திலேயே தங்கியிருந்தது. 

சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 1984இல் இவ்வணிகர்மீது குற்றஞ்சாட்டியது. கடை திறந்திருக்கும் நேரமும் வாடிக்கையாளருக்கு வழங்கப்படும் சேவையே; அதனைக் கூட்டாகக் குறைப்பது போட்டியை ஒடுக்குவதாகும்; பல கடைகளில் விலை விசாரித்து வாங்கும் வாய்ப்பு குன்றின் விலை உயரும் என்பது அதன் வாதம். வணிகர் தமது உடன்பாடு தொழிலாளரின் நெருக்குதலால் எழுந்ததெனவும், ஆகவே தொழிலுறவு சார்ந்த விலக்கு அதற்கு உண்டெனவும் எதிர்வாதஞ் செய்தனர். முதலில் விசாரித்த நிருவாக நீதிபதி இதனை ஏற்றார். ஆணைக்குழு 1989இல் அதனை மறுத்தது. சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் ஆணைக்குழுவின் பக்கமே நின்றது. தொழிற்சங்கத்துடன் பேரம்பேசிச் செய்த ஒப்பந்தத்துக்குரிய விலக்கினை முதலாளிகள் தம்முள் மட்டும் செய்துகொண்ட இணக்கம் கோரலாகாது என்பது அதன் நிலைப்பாடாயிற்று.

இங்கு எழும் முரண்பாடு நோக்கற்பாலது. ஒரே நகரம், ஒரே வணிகர், ஒரே விளைவு. சனிக்கிழமையை அவர்கள் தாமே மூடியது சட்டவிரோதச் சதியாயிற்று; ஞாயிற்றுக்கிழமையை மாநிலச் சட்டசபை மூடியது சட்டமாயிற்று. இதற்கும் அமெரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கலிபோர்னியாவில் உலர்ந்த முந்திரிகையின் சந்தைப்படுத்தலை மாநில அரசு கட்டுப்படுத்தியதன் தொடர்பில் எழுந்த வழக்கொன்றில், ஒரு மாநிலம் அரசென்ற முறையில் விதிக்கும் வாணிபக் கட்டுப்பாடு போட்டிப் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வாராது என உயர் நீதிமன்றம் 1943இலேயே தீர்ப்பளித்திருந்தது. எனவே கார் வணிகருக்குத் தம்முள் உடன்படுவதை விடச் சட்டசபையை அணுகுவதே பாதுகாப்பான வழியாகும். தொகுதி தோறும் கடையும் வரியும் வேலைவாய்ப்பும் உடைய இவ்வகுப்பாரின் சொல்லைச் சட்டசபை உறுப்பினர் எளிதிற் புறக்கணிப்பதில்லை.

நீதிமன்றங்கள் இதனை எவ்வாறு நோக்கின? ஞாயிற்றுக்கிழமைச் சட்டங்கள் பற்றிய தலையாய தீர்ப்பு 1961இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் மேரிலாந்து மாநில வழக்கில் அளித்ததாகும். பல்பொருள் அங்காடியொன்றின் ஊழியர் சிலர் ஞாயிறன்று கோப்பு அட்டை, தரைமெழுகு, தாள் தைக்கும் பொறி, விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பல் ஆகியவற்றை விற்றமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். (தண்டிக்கப்பட்டோர் கடையின் ஊழியர் என்பதை வாசகர் கவனிக்க.) பிரதம நீதியரசர் ஏர்ல் வொரன் எழுதிய தீர்ப்பு, இச்சட்டங்களின் தோற்றம் சமயஞ் சார்ந்ததாயினும் இன்றைய நோக்கம் அனைவருக்கும் பொதுவான ஓய்வுநாளொன்றை உறுதிப்படுத்துவதே எனக் கூறி அவற்றை ஏற்றது. அதே நாளில் முடிந்த மற்றொரு வழக்கிற் பிலடெல்பியாவின் யூத வணிகர் சிலர், தமது சமய விதிப்படி சனிக்கிழமையும் அரசின் விதிப்படி ஞாயிற்றுக்கிழமையும் கடை மூட நேர்வதாக முறையிட்டுத் தோற்றனர். நீதியரசர் டக்ளஸ் இவ்வழக்குகளில் உடன்படாது, பெரும்பான்மையோரின் சமய நாளை ஏனையோர்மீது அரசு திணிக்கின்றது என எழுதினார். என் கருத்தில் அவர் கூற்றின் நேர்மை இன்றும் குன்றவில்லை. பொதுவான ஓய்வு தேவையெனின் அது ஏன் ஞாயிறாகவே அமையவேண்டும் என்ற வினாவுக்கு வொரனின் தீர்ப்பு வழக்காற்றையே விடையாகத் தந்தது.

காருக்கென்றே இயற்றப்பட்ட சட்டங்களை மாநில நீதிமன்றங்கள் இதற்கு முன்னரே ஏற்கத் தொடங்கியிருந்தன. நியூ ஜேர்சியில் 1956இலும், கொலராடோவில் 1957இலும், பின்னர் இலினோய்ஸில் 1984இலும் உயர் நீதிமன்றங்கள் அவற்றைச் செல்லுபடியானவை எனக் கொண்டன. பிற வணிகரை விடுத்துக் கார் வணிகரை மட்டும் தடுப்பது பாரபட்சமல்லவா என்ற வாதம் திரும்பத் திரும்ப எழுந்தது. கார் வாணிபம் தனித்தன்மை உடையது, உரிமை மாற்றப் பதிவும் வங்கிக் கடனும் ஞாயிறன்று இயலா என்பன போன்ற காரணங்கள் அதற்கு மறுமொழியாகக் கூறப்படுவதுண்டு. மறுமொழிகளுள் முதன்மையானது ஊழியரின் ஓய்வு.

அந்த ஊழியரின் நிலை யாது? கார் விற்பனை ஊழியர் பெரும்பாலும் கொமிஷன் அடிப்படையில் ஊதியம் பெறுவோர். கடை திறந்திருக்கும்போது இல்லாதவர் விற்பனையை இழப்பர். ஆகவே விடுமுறை எடுக்கும் உரிமை பெயரளவில் இருப்பினும், அதனைப் பயன்படுத்தும் வலு அவர்களுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டத்தின் நோக்கம் ஓய்வே என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே 1961ஆம் ஆண்டிலே, சமஷ்டித் தொழிற் சட்டத்திற்கான திருத்தம் கார் விற்பனை நிலைய ஊழியரை மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு உரியோரல்லர் என விலக்கியது. 1966இல் அவ்விலக்கு ஒடுக்கப்பட்டு, விற்பனை ஊழியர், உதிரிப்பாக ஊழியர், பொறிதிருத்துநர் ஆகியோருக்கு மட்டும் என ஆக்கப்பட்டது. வாடிக்கையாளரிடம் திருத்தவேலை பற்றிப் பேசி ஏற்பாடு செய்யும் சேவை ஆலோசகரும் அவ்விலக்கினுள் அடங்குவர் என உயர் நீதிமன்றம் 2018இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையாற் கூறிற்று. வாரத்தில் ஒரு நாள் கடையை மூடுவதற்குத் தொழிலாளரின் களைப்பைச் சான்றாகக் காட்டும் அரசு, எஞ்சிய ஆறு நாட்களில் அக்களைப்புக்கு விலை கேட்கும் உரிமையை அவரிடமிருந்து எடுத்துவிட்டது.

கனெக்ரிக்கற் மாநிலத்தின் அனுபவம் இதனினும் கூரியது. அம்மாநிலம் 1970களிற் கடைகளை ஞாயிறன்று திறக்க வழிவிட்டபோது, ஊழியர் ஒருவர் தமது சமய ஓய்வுநாளெனக் குறிப்பிடும் நாளில் அவரை வேலை செய்யும்படி முதலாளி வற்புறுத்தலாகாது என்றொரு விதியையும் சேர்த்தது. ஓய்வு இங்கு கடையிலிருந்து பிரிந்து மனிதனோடு சேர்கின்றது. ஆனால் இவ்விதியை உயர் நீதிமன்றம் 1985இல், ஒருவர் மட்டுமே மாறுபட, அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளியது. முதலாளியின் தேவையையோ சக ஊழியரின் சுமையையோ கருதாது சமய அனுட்டானத்துக்கு முழு முதன்மை கொடுக்கின்றது என்பதே காரணம். எல்லோர்க்கும் ஞாயிற்றுக்கிழமையை விதிக்கும் சட்டம் சமயச் சார்பற்றதாம். அவரவர் நாளை அவரவர்க்கு விடும் சட்டம் சமயச் சார்பானதாம்! தனிப்பட்ட ஊழியரின் நிலை 2023இற் சற்று வலுப்பெற்றது. ஞாயிறு வேலையை மறுத்த அஞ்சல் ஊழியரொருவரின் வழக்கில், சமயக் காரணத்துக்காக விலக்குக் கோருவோரை மறுக்க முதலாளி கணிசமான சுமையை எடுத்துக்காட்டவேண்டும் என நீதிமன்றம் கூறியது. எனினும் அது சமய நம்பிக்கையுடையோருக்கே. பிள்ளைகளோடு ஒரு நாளைக் கழிக்க விரும்புபவருக்கு அதில் இடமில்லை.

வேறு வழியும் உண்டென்பதற்கு இங்கிலாந்து சான்று. தட்சர் அரசு 1986இற் கொண்டுவந்த கடைகள் சட்டமூலம் ஞாயிறு வாணிபத்தை முற்றாக விடுவிக்க முனைந்து, மக்கள் சபையிற் பதினான்கு வாக்குகளால் தோற்றது. திருச்சபையினரும் கடை ஊழியர் சங்கமும் ஒரே அணியில் நின்றமை அத்தோல்விக்கு ஏதுவாயிற்று. 1994இற் சட்டம் தளர்த்தப்பட்டபோது, பெரிய கடைகளுக்கு ஆறு மணி நேர எல்லை விதிக்கப்பட்டதோடு, ஞாயிறு வேலையை மறுக்கும் உரிமை கடை ஊழியருக்கு, சமயக் காரணம் கேட்கப்படாமலே, வழங்கப்பட்டது. நடைமுறையில் அவ்வுரிமையைப் பயன்படுத்துதல் எளிதன்று. ஆயினும் அது ஊழியரின் பெயரால் எழுதப்பட்ட உரிமை.

நம்மவர்க்கு இப்பிரச்சினை முற்றிலும் புதியதன்று. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை அகற்றப்பட்டு, போயா தினமும் அதன் முன்தினமும் வார ஓய்வாக்கப்பட்டன. சந்திரனின் கதியைப் பின்பற்றியமையாற் சில வாரங்கள் எட்டு நாட்களாயின. வெளிநாட்டு வாணிபத்தோடு பொருந்தாமையால் ஞாயிறு மீண்டது. எந்த நாள் என்பது பற்றி எழுந்த ஆரவாரத்தினிடையே, கடை, காரியாலய ஊழியருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் ஊதியத்துடனான விடுமுறையை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே அளித்திருந்தமையைப் பலர் நினைவுகூரவில்லை. அச்சட்டம் விடுமுறையை நாளின் புனிதத்தோடு அன்றி, வேலை செய்பவரோடு பிணைத்தது.

அமெரிக்கக் கார்த் தடையை நீக்கவேண்டும் என்போரின் வாதத்தையும் புறக்கணித்தல் ஆகாது. வாரநாட்களில் இரு வேலை செய்யும் குடும்பத்துக்குக் கார் வாங்கச் சனிக்கிழமை ஒன்றே எஞ்சுகின்றது. பொதுப் போக்குவரத்து அருகிய நாட்டிற் கார் ஆடம்பரமன்று, வேலைக்குச் செல்லும் கால். அவசரமாக வாங்குபவர் விலை ஒப்பிட்டுப் பேரம்பேச நேரமின்றிக் கடனும் வட்டியும் சுமப்பர். வாங்கும் தொழிலாளியின் நலனும் விற்கும் தொழிலாளியின் நலனும் இங்கு மோதுகின்றன. இருவர்க்கும் இடையே நின்று வணிகரே ஓய்வின் காவலராகத் தோற்றமளிக்கின்றனர். 

இலினோய்ஸ் சட்டசபையிற் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜிம் ஓபர்வைஸ் 2014இல் அத்தடையை நீக்கச் சட்டமூலமொன்றைக் கொணர்ந்தார். கடையை என்று திறப்பது என்பதைத் தீர்மானிப்பது அரசின் வேலையன்று என்பது அவர் நிலைப்பாடு. தடையில்லா வாணிபத்தின் பெயரால் எழுந்த அக்குரலை எதிர்த்தோருள் முன்னின்றது மாநிலக் கார் வணிகர் சங்கமே. ஊழியர் குடும்பத்தோடு கழிக்கும் நாளைப் பறிக்கலாகாது என்பது அவ்வெதிர்ப்பில் எடுத்துரைக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்நாளை ஊழியரின் வேலை ஒப்பந்தத்திலே எழுதிவிடலாமே என்ற யோசனை எப்பக்கத்தாரின் சட்டமூலத்திலும் இடம்பெறவில்லை. தடை நீக்கப்படவுமில்லை. ஞாயிறு தோறும் வாங்க விரும்புவோர் பூட்டிய கடைகளின் முற்றங்களில் நிறுத்தப்பட்டிருக்கும் கார்களிடையே உலாவி, விலைப்பட்டியலைப் படித்து, கைத்தொலைபேசியில் வேறிடத்து விலையை ஒப்பிட்டு, திங்கட்கிழமை வருவதாகத் திரும்பிச் செல்கின்றனர்.